நாட்டோகைனேஸில் கைனேஸ் எங்கே?

கேள்வி: "மாமனாருக்கு யாரோ நாட்டோகைனேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கைனேஸ் என்றால் புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டுகிற நொதி என்று காலேஜில் படித்த ஞாபகம். அப்படியானால் ரத்தக் கட்டியின் மேல் பாஸ்பேட்டை ஒட்டித்தான் இது கரைக்கிறதா? என் நண்பர் ஒருவர், பாக்டீரியாவில் பாஸ்பேட் ஒட்டும் வேலையெல்லாம் கிடையாது, அது நம் செல்களில் மட்டும்தான் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?"

ஜூன் 4, இரவு

இரண்டும் தப்பு. ஆனால் முதலாவது நல்ல தப்பு, அதைப் பிடித்துக்கொண்டு போனால் சுவாரசியமான இடத்துக்குப் போகலாம்.

நாட்டோகைனேஸ் ஒரு கைனேஸே இல்லை. அது புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டுகிற நொதி. 275 அமினோ அமில நீளம். துணி துவைக்கும் பவுடரில் ரத்தக் கறை, குழம்புக் கறை போவதற்குச் சேர்க்கிறார்களே சப்டிலிசின், அதன் கூடப்பிறந்தது. கட்டியில் இருக்கும் ஃபைப்ரின் என்ற புரத நாரை நறுக்கும். பாஸ்பேட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1980களில் ஹிரோயுகி சுமி, நாட்டோ என்ற ஜப்பானியப் புளித்த சோயாவில் இதைக் கண்டபோது கட்டி கரைக்கும் மருந்துகளாக யூரோகைனேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்கெனவே இருந்தன. அதே வரிசையில் பெயர் வைத்துவிட்டார். மூன்றுமே புரோட்டியேஸ்தான்.

ஆனால் நாட்டோவைப் புளிக்க வைத்து இந்த நொதியைச் செய்கிற பாக்டீரியாவுக்குள் நிஜமான கைனேஸ் ஒன்று இருக்கிறது. டப்பாவில் அதன் பெயர் இருக்காது. நாட்டோகைனேஸ் எவ்வளவு தயாராக வேண்டும் என்று முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு. நண்பரிடம் அதைச் சொல்லுங்கள். மீதி நாளைக்கு.

ஜூன் 5, காலை

பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. "மூன்றுமே புரோட்டியேஸ்" என்று எழுதியது தப்பு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் நொதியே கிடையாது. நம் ரத்தத்தில் தூங்கிக் கிடக்கும் கட்டி கரைப்பானான பிளாஸ்மினோஜன் மேல் போய் உட்கார்ந்துகொண்டு அதை முறுக்கிவிட்டு வேலை செய்ய வைக்கிறது, அவ்வளவுதான். யூரோகைனேஸ் உண்மையான புரோட்டியேஸ்.

"கைனேஸ்" என்ற சொல்லுக்கு முன்பு "கிளப்பிவிடுவது" என்றுதான் பொருள். குடலில் டிரிப்சினோஜனை வெட்டி டிரிப்சினாக்குகிற என்டெரோகைனேஸுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாவ்லோவின் ஆய்வகத்தில் பெயர் வைத்தபோது பாஸ்பேட் யார் நினைப்பிலும் இல்லை. பாஸ்பேட் அர்த்தம் பிறகு வந்து, சொல்லையே எழுதி வாங்கிக்கொண்டது.

ஜூன் 5, இரவு

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். மண்ணில், வைக்கோலில் எங்கும் இருக்கும். சாப்பாடு குறைந்தால் வெளியே நொதிகளைக் கொட்டி, சுற்றிக் கிடக்கும் புரதத்தையும் மாவையும் உடைத்து உறிஞ்சும். நொதி செய்வது செலவு பிடித்த வேலை. வெளியே விட்ட நொதி திரும்பி வராது. அதனால் எப்போது செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்குக் கணக்குப்பிள்ளை வேண்டும்.

அந்தக் கணக்குப்பிள்ளைகள் இருவர். டெக்-எஸ், டெக்-யு. டெக்-எஸ்தான் கைனேஸ். செல்லின் எரிபொருளான ஏடிபியிடமிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து முதலில் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும், 189ஆவது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில். பிறகு அதை டெக்-யுவின் 56ஆவது இடத்தில் இருக்கும் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்துக்கு மாற்றிவிடும். பாஸ்பேட் வாங்கிய டெக்-யு டிஎன்ஏவில் சில இடங்களைப் போய்ப் பிடிக்கும், அங்கே இருக்கும் மரபணுக்கள் ஓட ஆரம்பிக்கும். சப்டிலிசின், இன்னொரு நடுநிலை புரோட்டியேஸ், சர்க்கரையைக் கோத்து லெவான் என்ற பசை செய்கிற லெவான்சுக்ரேஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பாஸ்பேட் இல்லாத டெக்-யு சும்மா கிடக்கும்.

இதை கைமாற்று என்று நினைத்துக்கொள்ளலாம். ஏடிபியிடம் வாங்கி டெக்-யுவிடம் கொடுக்கிறது, பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. வசூலும் அதேபோல உடனே. அந்த டெக்-எஸ்ஸே திரும்பி வந்து டெக்-யுவிடமிருந்து பாஸ்பேட்டைக் கழற்றவும் செய்யும். கொடுத்த ஆளே பிடுங்குகிற ஆள்.

இந்த வகை ஜோடிகளுக்கு இருகூறு அமைப்பு என்று பெயர். 1986இல் நின்ஃபாவும் மகசானிக்கும், குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் நைட்ரஜன் கணக்கைப் பார்க்கும் ஜோடியில் பாஸ்பேட் கைமாறுவதைக் காட்டினார்கள். குளூட்டமின் செய்யும் நொதியை அது கட்டுப்படுத்துகிறது. அதே ஆண்டு வேறு ஒரு குழு, பல பாக்டீரியாக்களில் இப்படி ஒரே சாயலில் ஜோடிகள் இருப்பதைக் கவனித்து எழுதியது. ஈ. கோலையில் மட்டுமே 30 வரை ஹிஸ்டிடின் கைனேஸ்கள் உண்டு. "பாக்டீரியாவில் கிடையாது" என்ற நண்பருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7

எனக்கும் இந்த ஜோடிக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

டெக்-யுவில் ஒரு பிரபலமான மரபுப்பிறழ்வு உண்டு. 12ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் லியூசின். ஒரே ஒரு எழுத்து மாறியதில், வாங்கிய பாஸ்பேட்டை லேசில் விடாது, நொதி கொட்டோ கொட்டென்று கொட்டும். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் குன்ஸ்ட், ரப்போபோர், ம்சதெக் ஆகியோர் இந்தப் பிறழ்வுகளைப் பல ஆண்டுகள் துருவினார்கள். அவர்கள் லெவான்சுக்ரேஸ் வழியாகப் போனதால் சுக்ரோஸின் இன்னொரு பெயரான சாக்கரோஸின் முதல் மூன்று எழுத்தை வைத்து சாக்-யு என்றுதான் முதலில் பெயர் இருந்தது. பிறகு பார்த்தால் சர்க்கரை மட்டுமில்லை, சிதைக்கும் நொதிகள் ஒரு கூட்டமே இதன் கீழ் வருகிறது, சிதைப்புக்கான ஆங்கிலச் சொல்லை வைத்து பெயர் டெக் ஆனது. வேடிக்கை என்னவென்றால் நொதி கொட்டும் அந்தப் பிறழ்விகளுக்கு (பிறழ்வு உள்ள பாக்டீரியாக்களுக்கு) நீந்துவதற்கான கசையிழை கிடையாது.

என் கதை. ஆய்வு மாணவனாக இருந்தபோது ஸ்கிம் மில்க் அகார் தட்டில் 168 என்ற சாதாரண ஆய்வகத் திரிபையும் இந்தப் பிறழ்வியையும் பக்கத்துப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். பால் தட்டு பார்த்திருக்கிறீர்களா, நீர்மோர் ஊற்றி உறைய வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். புரோட்டியேஸ் வெளியே வந்தால் பாலின் புரதமான கேசின் உடைந்து, காலனியைச் சுற்றி கண்ணாடி மாதிரி வளையம் விழும். தட்டை கறுப்புத் தாளின் மேல் வைத்தால் வளையத்தின் ஓரம் தெளிவாகத் தெரியும். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு காலனியைச் சுற்றியும் பெரிய வளையம். "இரண்டிலும் ஒரே அளவு நொதி, பிறழ்வியால் வித்தியாசமில்லை" என்று குறிப்பேட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அளந்து மில்லிமீட்டரும் போட்டு, கைடிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தட்டை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டாய்?" என்றார். ஒன்றரை செண்டிமீட்டர். நொதி அகாருக்குள் ஊறிப் பரவும். பிறழ்வியின் வளையம் பக்கத்து வீட்டையும் சேர்த்து வளைத்துப் போட்டிருந்தது. தனித்தனித் தட்டில் வைத்தபோது 168ஐச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடுதான் வந்தது.

ஜூன் 8

கேட்டவரே மறுபடி கேட்கிறார்: நம் செல்லில் செரின், திரியோனின், டைரோசின் மேல்தானே பாஸ்பேட் என்று பாடத்தில் இருந்தது, ஹிஸ்டிடின் புதிதாக இருக்கிறதே?

பெரும்பாலும் அந்த மூன்றில்தான், சரி. ஆனால் ஹிஸ்டிடின் பாஸ்பேட்டை 1962இல் பால் போயர் குழு முதலில் பார்த்ததே மாட்டு ஈரலின் மைட்டோகாண்ட்ரியாவில்தான். அமிலம் பட்டால் ஹிஸ்டிடின் பாஸ்பேட் உதிர்ந்துவிடும், வழக்கமான சோதனைகளில் எங்காவது ஓர் அமிலப் படி பெரும்பாலும் இருக்கும். கண்ணில் படாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஜூன் 11

உதிர்வது என்று சொன்னதும் இன்னொரு அவமானத்தையும் எழுதிவிடுகிறேன்.

டெக்-யுவில் எத்தனை பங்குக்கு பாஸ்பேட் இருக்கிறது என்று நேரடியாகப் பார்க்க ஆசைப்பட்டேன். புரதங்களை ஓடவிட்டுப் பட்டை பட்டையாகப் பிரிப்பதில் அதற்கென்றே ஃபாஸ்-டேக் என்று ஒரு ஜெல் உண்டு, ஹிரோஷிமாவில் உருவாக்கியது. பாஸ்பேட் உள்ள புரதத்தை அது லேசாகப் பிடித்து இழுக்கும், அதனால் அந்தப் பட்டை மற்றதை விட மேலே நிற்கும். ஒரே புரதம், இரண்டு பட்டை, மேலே இருப்பது பாஸ்பேட்டோடு இருப்பது. ரொம்ப எளிது என்று ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஒரே பட்டைதான் வந்தது. பிறழ்வியிலும் ஒரே பட்டை. கைனேஸ் செத்துவிட்டதோ, ஜெல்லில் மாங்கனீசு குறைந்துவிட்டதோ, வாங்கிய ரசாயனமே கெட்டுப்போனதோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் அதை நான் ஒரு படியாகவே நினைக்கவில்லை. சாம்பிளை 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பது. புரத ஜெல் போடுகிற யாரும் யோசிக்காமல் செய்வது அது, கை தானாகப் போய்விடும். செரின் மேல் இருக்கும் பாஸ்பேட் அதைத் தாங்கும். அஸ்பார்டேட் மேல் இருப்பது தாங்காது. மூன்று வாரமாக நான் பார்க்க நினைத்ததை நானே வேக வைத்துக்கொண்டிருந்தேன்.

சூடாக்காமல், குளிர் அறையில் ஜெல்லை ஓட்டினேன். இரண்டு பட்டை வந்தது. மேல் பட்டை பிறழ்வியில் தடிமன், 168இல் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு எளிதில் உதிர்வதை ஏன் வைத்திருக்கிறது என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், உதிராத பாஸ்பேட்டோடு என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பிறழ்வியே சாட்சி. செலவு கணக்கில்லாமல் போகும், நீந்தவும் முடியாது.

ஜூன் 12

168இல் மேல் பட்டை ஏன் அவ்வளவு மெலிசு என்பது தனிக் கதை, அதைச் சொன்னால் நாட்டோவுக்கும் திரும்பிவிடலாம்.

168 என்பது ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் வளர்ந்த திரிபு. 1997இல் முழு மரபுத்தொகை படித்ததும் இதைத்தான். நல்ல சாப்பாடு, கதகதப்பான இன்குபேட்டர், அடுத்த நாள் புதுத் தட்டு. வீட்டில் வளர்த்த கோழி மாதிரி காட்டுத்தனம் கழன்றுவிட்டது. கழன்றவற்றில் ஒன்று டெக்-க்யூ. 46 அமினோ அமிலம்தான், புரதம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவு. டெக்-எஸ்ஸிடமிருந்து டெக்-யுவுக்குப் பாஸ்பேட் போவதை அது வேகப்படுத்தும். 168இல் அந்த மரபணுவின் முன்புறம் ஓர் எழுத்து மாறிப்போய் டெக்-க்யூ சொற்பமாகத்தான் வரும். அதோடு ஸ்வர்-ஏ என்று இன்னொரு மரபணுவும் உடைந்திருக்கிறது. காட்டுத் திரிபுகளில் இரண்டும் ஒழுங்காக இருக்கும்.

நாட்டோ திரிபிலும் டெக்-க்யூ நன்றாக இருக்கும். நாட்டோவைச் சாப்ஸ்டிக்கில் எடுத்தால் சிலந்தி நூல் மாதிரி இழுபடுமே, அது பெரும்பாலும் காமா-பாலிகுளூட்டாமிக் அமிலம், கொஞ்சம் லெவான். இரண்டையும் செய்யும் மரபணுக்கள் டெக்-யு பாஸ்பேட்டின் பிடியில்தான் இருக்கின்றன. அந்த அமிலத்தைச் செய்யும் மரபணு 168இலும் இருக்கிறது, ஆனால் அது நூல் விடாது. 2005இல் ஸ்டான்லியும் லாசாசெராவும் அதற்குக் காரணமாகக் காட்டியது மேலே சொன்ன இரண்டு கோளாறுகளைத்தான்.

ஜப்பானில் ஒரு தடவை காலைச் சாப்பாட்டில் வைத்தார்கள். வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நூல் தொங்க, எதிரே இருந்தவரிடம் "இது பாஸ்பேட்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நம் வீட்டில் நேற்றைய சாம்பார் கரண்டியில் எடுக்கும்போது நூல் விட்டால் கொட்டிவிடுவோம். அங்கே அதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இந்தியாவிலும் உண்டு, சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் கினேமா, மணிப்பூரில் ஹவாய்ஜார், எல்லாம் சோயாவும் இந்த பேசில்லஸ் வகையும்.

ஜூன் 13

நேற்று எழுதியதை வைத்து "அப்போ ஊசிப்போன சாம்பாரில் நாட்டோகைனேஸ் இருக்குமா" என்று ஒருவர். ஐயா, வேண்டாம். நூல் விடுவதெல்லாம் ஒரே பாக்டீரியாவின் வேலை இல்லை, கெட்டுப்போனதில் வேறு என்னென்ன வளர்ந்திருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. பேசில்லஸ் வித்துகள் கொதியைத் தாங்கும் என்பது மட்டும் நிஜம். இட்லி மாவு பொங்குவது இதனால் இல்லை, அது லூகனோஸ்டாக் முதலிய லாக்டிக் அமிலக் கூட்டம்.

ஜூன் 16

ஜூன் 5 இரவு எழுதியதில் ஒரு வரியை வாபஸ் வாங்குகிறேன். "பாஸ்பேட் இல்லாத டெக்-யு சும்மா கிடக்கும்." கிடக்காது. வெளியிலிருந்து டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும் தகுதி இந்த பாக்டீரியாவுக்கு உண்டு, அதற்கான முதன்மை மரபணுவைத் தூண்டுவதில் பாஸ்பேட் இல்லாத டெக்-யுவுக்குப் பங்கு இருக்கிறது. நான் சுவிட்ச் மாதிரி எழுதிவிட்டேன், போட்டால் எரியும் அணைத்தால் அணையும் என்று. இது பழைய ஃபேன் ரெகுலேட்டர். பாஸ்பேட் இல்லையென்றால் டிஎன்ஏ இழுக்கும் வேலை. துளி இருந்தால் கூட்டமாக ஊர்ந்து பரவும். நடுத்தரமாக இருந்தால் சுருக்கம் சுருக்கமாகப் படலம் கட்டும். ரொம்ப ஏறினால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு வெளியே புரோட்டியேஸ் கொட்டும். 2007இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஸ்டான்லி-வால் குழு இந்தப் படிகளைக் காட்டியது. பிறழ்விக்கு ஏன் கசையிழை இல்லை என்று ஜூன் 7இல் அந்தரத்தில் விட்டேன் அல்லவா, அதற்கும் இங்கேதான் பதில்: ரெகுலேட்டர் ஐந்திலேயே மாட்டிக்கொண்டது.

ஜூன் 17

இன்னொன்றும் திருத்த வேண்டும். ரெகுலேட்டர் ஒரு காலனிக்கு ஒன்று இல்லை, செல்லுக்கு ஒன்று. சப்டிலிசின் மரபணுவோடு ஒளிரும் புரதத்தைக் கட்டிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே குடுவையில் சில செல்கள்தான் பச்சையாக மின்னும், மற்றவை இருட்டு. 2008இல் வீனிங்கும் கூட்டாளிகளும் வெளியிட்டது. சிலர் சமைக்கிறார்கள், பந்தியில் எல்லோரும் உட்காருகிறார்கள். என் ஜெல்லில் 168இன் மெலிந்த மேல் பட்டை, எல்லாச் செல்லிலும் கொஞ்சம் கொஞ்சமா அல்லது சில செல்லில் நிறையவா? ஜெல் அதைச் சொல்லாது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூன் 19

டெக்-எஸ்ஸை எழுப்புவது எது என்று கேட்டவருக்கு: அது செல் சவ்வில் இல்லை, உள்ளே மிதக்கிற வகை, அதனால் வெளியே ஒரு மூலக்கூறு வந்து கதவைத் தட்டியது என்று நேராகச் சொல்ல முடியாது. தெரிந்ததில் எனக்குப் பிடித்தது 2013இல் அதே டண்டீ குழு காட்டியது. கசையிழை சுழல முடியாமல் தடுத்தால் டெக்-யு பாஸ்பேட் ஏறுகிறது. பசையான ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டோம், நீந்திப் பயனில்லை, இங்கேயே உடைத்துச் சாப்பிடு என்பது போல. ("போல" மட்டும்தான், பாக்டீரியாவுக்கு எண்ணம் கிடையாது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.) அப்புறம் கூட்டம் பெருகினால் செல்கள் விடும் ஒரு சிறு பெப்டைடு வழியாக, இன்னொரு கைனேஸ் ஜோடி மூலம் டெக்-க்யூ கூடும்.

சப்டிலிசின் மட்டும் இதோடு திறக்காது. பேங்க் லாக்கர் மாதிரி இரண்டாவது சாவி வேண்டும். அதன் மரபணு மேல் அப்ர்-பி முதலான அடக்கும் புரதங்கள் உட்கார்ந்திருக்கும். அப்ர்-பியை விலக்குவது பட்டினியில் பாஸ்பேட் வாங்கும் ஸ்போ-ஜீரோ-ஏ என்ற புரதம், அதற்கு நான்கு கை மாறி பாஸ்பேட் வரும்.

ஜூன் 24

கேட்டவர் எழுதியிருக்கிறார், மாமனார் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுக்கிறாராம். இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். நாட்டோவில் வைட்டமின் கே2 ஏராளம், வார்ஃபரினுக்கு நேர் எதிராக வேலை செய்யும், அதனால் வார்ஃபரின் எடுப்பவர்களை நாட்டோ சாப்பிட வேண்டாம் என்பார்கள். மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள், அதுவரை தொட வேண்டாம்.

இவ்வளவு எழுதிய பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஜப்பானிய மளிகைக் கடையில் உறைய வைத்த நாட்டோ கிடைத்தது, ஒரு பயறிலிருந்து கீறி பால் தட்டில் இழுத்தேன், இன்னொரு தட்டில் பழைய 168. இந்த முறை தனித்தனித் தட்டு. இன்று காலை நாட்டோ காலனியைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை போய்விட்டது. காலனியின் நடுவில் லூப்பைத் தொட்டுத் தூக்கினேன். நூல் வந்தது, அரைச் சாண் வரை அறுபடவில்லை, பிறகு மூடி மேல் ஒட்டிக்கொண்டது.